வடிகால் கட்டியபிறகு வாலிபால் கோர்ட்டில் தண்ணீர் நிற்கிறதே, ஏன்?

கேள்வி: வடசென்னையில் ஒரு மாநகராட்சி மைதானத்தில் வாலிபால் கிளப் நடத்துகிறோம் சார். முன்பெல்லாம் மழை விட்ட இரண்டாம் நாளே விளையாடுவோம். பக்கத்துத் தெருவில் புது மழைநீர் வடிகால் கட்டியபிறகு ஒரு வாரம் ஆனாலும் தண்ணீர் வடிவதில்லை. வடிகால் சுவரில் ஓட்டை போட்டுக் குழாய் விட்டுவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், கடப்பாரையைக் கீழே வையுங்கள். அந்த வடிகால் சாலைத் தண்ணீருக்காகக் கட்டியது. முன்பு உங்கள் மைதானத் தண்ணீர் தரையோடு தரையாகத் தெருவுக்கு வழிந்திருக்கும், இப்போது வடிகாலின் மேல்தளம் வயல் வரப்பு மாதிரி குறுக்கே நிற்கிறது என்றுதான் நினைக்கிறேன். தோண்டிய மண்ணை மைதானத்தில் குவித்து லாரியும் ஓட்டியிருந்தால் கதை இன்னும் மோசம், அடிமண் இறுகிவிடும், மேலே எவ்வளவு சுரண்டினாலும் தண்ணீர் இறங்காது.

முதலில் ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பார்ப்பது) பிடியுங்கள். மைதானத்தின் தாழ்ந்த மூலையைவிட வடிகாலின் அடிமட்டம் நன்றாகத் தாழ்ந்திருந்தால்தான் குழாய்க்கு வாட்டம் (சரிவு) கிடைக்கும். அப்போதும், கனமழையில் வடிகால் நிரம்பிவிட்டால் அதே குழாய் வழியாகத் தண்ணீர் (சில இடங்களில் சாக்கடையும் சேர்த்து) உங்கள் பக்கம் திரும்பி வரும். அதனால் குழாயின் வாயில் ஒருவழி மூடியும், முன்னால் மண் தங்க ஒரு சின்னத் தொட்டியும் வேண்டும். இதை மாநகராட்சிதான் செய்ய வேண்டும். அளவு, போட்டோ எல்லாம் சேர்த்து வார்டு உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுங்கள், மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணிலும் பதியுங்கள். வடிகால் கட்டிய ஒப்பந்ததாரரின் பராமரிப்புக் காலம் முடிந்துவிட்டதா என்றும் அந்தப் பொறியாளரிடமே கேளுங்கள், காலம் இன்னும் முடியவில்லை என்றால் ஒப்பந்ததாரரை வைத்தே செய்யச் சொல்லலாம், வேலை சுலபம்.

மோட்டார் வைத்து இறைக்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள். ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை என்றால் 4 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் 33 லோடுக்கு மேல். டீசல் காசுக்கே கிளப் சந்தா போதாது. அப்புறம், கட்டட ரப்பிஷ் கொட்டி மேடாக்கவே வேண்டாம். டைவ் அடிக்கிற பையனின் முழங்கைக்குள் ஓட்டுச்சில் ஏறும்.

கோர்ட்டை மட்டும் நல்ல செம்மண் போட்டு உயர்த்தலாம். வெளிப்புற கோர்ட்டில் மீட்டருக்கு 5 மி.மீ. வாட்டத்தை வாலிபால் விதியே அனுமதிக்கிறது, 9 மீட்டர் அகலத்துக்கு 45 மி.மீ., இரண்டு அங்குலம்கூட இல்லை. நூல் கட்டிப் பார்த்தே செய்துவிடலாம். ஆனால் அக்டோபருக்கு முன்னால் முடித்து, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டிவிடுங்கள். புது மண்ணில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் நெட் கம்பத்துக்கு அடியில் சேறுதான் மிஞ்சும்.