கைபேசியில் டின்டின் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிவகாசியிலிருந்து வரும் தமிழ் காமிக்ஸ் இதழ்களைச் சிறுவயது முதலே வாசிப்பவன் நான். லக்கி லூக், கேப்டன் டைகர் எல்லாம் அப்படி அறிமுகமானவர்கள்தான். இப்போது வயது 34. ஒரு வருடமாக ஐரோப்பியக் காமிக்ஸ் ஆல்பங்களை, அதாவது பெரிய அளவுச் சித்திரக் கதைப் புத்தகங்களை, ஆங்கிலத்தில் வாசிக்கிறேன். நண்பர் ஒருவர் நூற்றுக்கணக்கில் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அலுவலகம் போகும் பஸ்ஸில் கைபேசியில் வாசிக்கிறேன். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் செயலி இருப்பதால் சிரமமில்லை, ஒரு டின்டின் ஆல்பத்தை இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம்.

சில சந்தேகங்கள். இவையெல்லாம் பிரெஞ்சு மூலம் கொண்டவை. ஆங்கிலத்தில் வாசித்தால் உண்மையிலேயே வாசித்ததாகுமா? பிரெஞ்சு படிக்கலாமா என்றுகூட யோசிக்கிறேன். பிளேக் அண்ட் மார்ட்டிமர் வரிசை மட்டும் ஏன் இவ்வளவு அலுப்பாக இருக்கிறது, குறை என்னுடையதா? எந்த வரிசையில் வாசிப்பது? உடன் வேலை செய்பவர்கள் ‘இந்த வயசுல பொம்மை புக்கா’ என்று சிரிக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

க., கரூர்

அன்புள்ள க.,

சிரிப்பவர்களுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். அதே பஸ்ஸில் அவர்கள் கைபேசியில் என்ன ஓடுகிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள், மனம் லேசாகிவிடும்.

பிரெஞ்சு படியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் ‘மூலம்’ என்ற பூச்சாண்டிக்குப் பயந்து படிக்காதீர்கள். ‘தி பிளாக் ஐலண்ட்’ என்ற டின்டின் கதையையே பாருங்கள். டின்டினை உருவாக்கிய பெல்ஜிய ஓவியர் எர்ஜே அதை முதலில் கறுப்பு வெள்ளையில் வரைந்து 1938-ல் புத்தகமாக்கினார், 1943-ல் வண்ணத்தில் வந்தது. பிறகு ஆங்கிலப் பதிப்பு கொண்டுவர நினைத்த லண்டன் பதிப்பகம், கதை நடக்கும் பிரிட்டனே தப்பாக வரையப்பட்டிருக்கிறது என்று 131 பிழைகளைப் பட்டியல் போட்டு அனுப்பியது. எர்ஜே தன் உதவியாளர் பாப் டி மூரை அங்கே அனுப்பி ரயில், சீருடை, வீடு எல்லாவற்றையும் பார்த்து வரச்செய்து முழு ஆல்பத்தையும் திரும்ப வரைந்தார். 1966-ல் அது வந்தது. இன்று பிரெஞ்சுக்காரன் சாதாரணமாகக் கையில் எடுக்கும் புத்தகம் அதுதான். ஆங்கில வாசகனுக்காகத் திருத்தப்பட்ட ‘மூலம்’. இதற்கு மேல் இந்தக் கேள்வியில் எனக்கு ஆர்வமில்லை.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் வேறு. அதை நீங்கள் கேள்வியாகக்கூட கேட்கவில்லை, போகிற போக்கில் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். இருபது நிமிடம்!

சில நாட்களாகவே இது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக டின்டின் வாங்கினேன். மூன்று கதைகள் ஒரே கட்டில், கெட்டி அட்டை, பார்வைக்கு அழகு. வீட்டில் பிரித்தால் பக்கம் நோட்டுப் புத்தகத்தைவிடச் சின்னது. பையன் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு எழுத்தை மட்டும் வாசித்தான். படத்தைப் பார்க்கவே இல்லை. அவனைத் திட்ட முடியவில்லை. உங்களைத் திட்டலாம், 34 வயது ஆகிறது.

‘டின்டின் இன் திபெத்’ பெல்ஜியத்தில் வார இதழில் தொடராக வந்த கதை. 1958 செப்டம்பரில் தொடங்கி 1959 நவம்பரில் முடிந்தது. கதை 62 பக்கம். கணக்குப் போட்டால் வாரத்துக்கு ஒரு பக்கம். அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு ஏழு நாள் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு சின்ன முடிச்சு விழும், அடுத்த வாரம்தான் அவிழும். ஒவ்வொரு பக்கமும் தனியாக நின்று காட்டும்படி கட்டப்பட்டது. நீங்கள் அதை இருபது விநாடியில் தள்ளிவிட்டுப் போகிறீர்கள்.

அந்தக் கதையின் தொடக்கத்தில் ஒரு விடுதிக் கூடம் வரும். தோழர் கேப்டன் ஹாடக்கோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கும்போதே டின்டின் கண்ணயர்கிறான். கனவில் நண்பன் சாங்கின் பெயரைச் சொல்லி அலறுகிறான். அந்த அலறல் விழும் கட்டம் பெரியது. கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் திடுக்கிடுகிறார்கள், ஒருவர் திடுக்கிட்ட மாதிரி இன்னொருவர் இல்லை. சதுரங்கக் காய்கள் பறக்கின்றன. இப்போது உங்கள் செயலி என்ன செய்கிறது? அதற்கு முந்தைய சின்னக் கட்டத்தையும் திரை அகலத்துக்குப் பெரிதாக்குகிறது, இந்தப் பெரிய கட்டத்தையும் அதே திரை அகலத்துக்குச் சுருக்குகிறது. முணுமுணுப்பும் கூச்சலும் ஒரே சத்தத்தில் வருகின்றன. எர்ஜே எங்கே குரலை உயர்த்தினார் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகிறது.

கட்டத்தின் அளவுதான் சித்திரக் கதைக்காரனின் குரல். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஜீன் ஜிரோ வரைந்த புளூபெர்ரியை, உங்கள் கேப்டன் டைகரைத்தான் சொல்கிறேன், எடுத்துப் பாருங்கள். 1972-ல் ஆல்பமாக வந்த தங்கச் சுரங்கக் கதையில் பக்கத்தின் முழு அகலத்துக்கும் அரிசோனாப் பாறைவெளி விரியும். அதில் குதிரைக்காரன் எறும்பளவு. கீழே நெருக்கமான சிறு கட்டங்களில் வியர்த்த முகங்கள். மேலே அவ்வளவு வெளி இருப்பதால்தான் கீழே அவ்வளவு மூச்சுமுட்டல். இரண்டையும் ஒரே நேரத்தில் கண் பார்க்க வேண்டும். கைபேசியில் அந்தப் பாறைவெளி ஒரு ரிப்பன் துண்டாகிவிடும், முகம் திரையை அடைக்கும். அதாவது முழுக்கத் தலைகீழ். கோலத்தைப் புள்ளி புள்ளியாகக் காட்டிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்கிற மாதிரி.

திபெத் கதையில் இன்னொன்று. அதை வரைந்த காலத்தில் எர்ஜேக்கு வெண்மை நிறைந்த கெட்ட கனவுகள் வந்துகொண்டிருந்தன. சூரிச்சில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தார். வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொன்னார். எர்ஜே விடவில்லை, பனி நிறைந்த பக்கங்களை வரைந்து முடித்தார். வில்லனே இல்லாத கதை. அந்த வெள்ளை, பக்கம் முழுக்கப் பரவி, கட்டங்களுக்கு இடையே இருக்கும் காகித வெள்ளையோடு சேர்ந்து ஒருவிதக் குளிராக மாறும். உங்கள் செயலி ஒவ்வொரு கட்டத்தையும் கறுப்புப் பின்னணியில் காட்டுகிறது. குளிர் எங்கிருந்து வரும்?

எங்கள் தெருவில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. ஆஸ்டெரிக்ஸ், டின்டின் ஆல்பங்களை நூலகக்காரர் வீட்டுக்குத் தரமாட்டார், அட்டை கிழியும் என்று. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், காசும் கொஞ்சம் கூடுதல். நானும் அக்காவும் காசைச் சேர்த்து ஒரே புத்தகத்தை எடுப்போம். இடது பக்கம் அவள் தொடையில், வலது பக்கம் என் தொடையில். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் வேகம். அவள் ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டை அசைத்துத்தான் வாசிப்பாள், முடிக்காமல் பக்கத்தைப் புரட்ட விடமாட்டாள். அவசரப்பட்டால் தொடையில் கிள்ளு விழும். காத்திருக்கும் நேரத்தில் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை, படத்தைப் பார்ப்பேன். ஆஸ்டெரிக்ஸ் கதைகள் பெரும்பாலும் விருந்தில் முடியும் அல்லவா, அந்தக் கடைசிப் படத்தில் பாட்டுக்காரனை வாயடைத்துக் கட்டிப் போட்டிருப்பதை நான் கண்டுபிடித்தது அப்படிக் காத்திருந்தபோதுதான். அக்காவுக்குக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் நூலகக்காரர் எங்கள் இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார். படம் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அவளுடைய மெதுவான வாசிப்பு. உங்களுக்கு அப்படிக் கிள்ள ஆளில்லை, அதுதான் பிரச்சினை.

பிளேக் அண்ட் மார்ட்டிமர் அலுப்பதில் பாதிக் குற்றம் உங்களுடையது, பாதி அதை எழுதி வரைந்த எட்கர் ஜேகப்ஸுடையது. மனிதர் காமிக்ஸுக்கு வருவதற்கு முன் ஆபெரா பாடகர். ஒருவன் கதவைத் திறப்பதை வரைந்துவிட்டு, மேலே ஒரு பெட்டியில் ‘அவன் கதவைத் திறந்தான்’ என்றும் எழுதுவார். மேடையில் கண்ணெதிரே நடப்பதை வாய்விட்டும் பாடும் பழக்கம் கையோடு வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எனக்கும் அது சில நாள் எரிச்சல்தான். ஆனால் ‘தி யெல்லோ எம்’ ஆல்பத்தில் அந்த இரவு லண்டன், மூடுபனி, விளக்குக் கம்பங்கள், இதெல்லாம் அத்தனை எழுத்துக்கும் அடியில் வேலை செய்துகொண்டே இருக்கும். பெரிய பக்கத்தில் எழுத்துப் பெட்டியைத் தாண்டிக் கண் படத்துக்குப் போகும். கைபேசியில் எழுத்துப் பெட்டி மட்டும்தான் மிஞ்சும். அலுக்காமல் என்ன செய்யும்?

பக்கம் ஏன் அந்த அளவு என்பதற்கும் காரணம் உண்டு. போருக்கு முன் டின்டின் புத்தகங்கள் நூறு பக்கத்துக்கு மேல், கறுப்பு வெள்ளையில். போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு. 1942-ல் பதிப்பகம் வண்ணத்தில் போடுகிறோம், ஆனால் 62 பக்கத்துக்குள் என்றது. அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் 16 பக்க ஃபாரம் நான்கு, மொத்தம் 64, முன்பக்கங்கள் போகக் கதைக்கு 62. நூறு பக்கத்தில் சொன்னதை அதில் அடைக்க, ஒரு பக்கத்தில் நான்கு வரிசைக் கட்டங்கள். பெரிய தாளாக இருந்ததால் அது தாங்கியது. ஏற்கெனவே இறுக்கிக் கட்டிய பக்கத்தை இன்னும் சுருக்கினால் என்ன மிஞ்சும் என்று அந்த மூன்று-கதைக் கட்டுப் பதிப்பைப் போட்டவர்களைக் கேட்க வேண்டும்.

அந்த பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நியாயம் பேச வரவில்லை, அதை நீங்களே அறிவீர்கள். நூற்றுக்கணக்கான ஆல்பங்களைச் சும்மா வைத்திருப்பவன் எதையும் இரண்டாம் முறை திறக்கமாட்டான். இரண்டாம் முறை திறக்காதவனுக்கு ஆல்பம் எதற்கு? விலை கூடத்தான், தெரியும். மாதம் ஒன்று வாங்குங்கள். முழு அளவுப் பதிப்பா என்று கேட்டு வாங்குங்கள், மேசைமேல் விரித்து வாசியுங்கள். புளூபெர்ரியின் பழைய ஆங்கிலப் பதிப்புகள் அச்சில் இல்லை, கிடைத்தால் வாய்பிளக்கும் விலை சொல்வார்கள். அதுவரை உங்களிடம் இருக்கும் தமிழ்ப் பதிப்பையே திரும்ப எடுங்கள்.

வரிசை கேட்டீர்கள். ஆஸ்டெரிக்ஸ் எங்கே தொடங்கினாலும் சரி. டின்டினும் அப்படித்தான், ஆனால் சில ஜோடிகளைப் பிரிக்காதீர்கள். யூனிகார்ன் கப்பல் முடிந்த கையோடு ராக்கம் புதையல், ஏழு படிகப் பந்துகளுக்குப் பிறகு சூரியக் கைதிகள், நிலவுப் பயணம் இரண்டு பாகமும் அடுத்தடுத்து. திபெத் ஆல்பத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். சாங் யார் என்று ‘தி புளூ லோட்டஸ்’ வாசித்துத் தெரிந்துகொண்ட பிறகு போதும்.