மின்சார பிரஷ் வாங்கியும் ஈறில் ரத்தம் நிற்கவில்லையே?

கேள்வி: ஆறு மாதமாக மின்சார பிரஷ்ஷில்தான் பல் துலக்குகிறேன், காலையும் இரவும். துலக்கி முடித்த கையோடு மவுத்வாஷும் உண்டு. ஆனாலும் ஈறில் ரத்தம் கசிகிறது. பல் மருத்துவரோ "சரியாகத் துலக்குவதில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வேறு பிரஷ் வாங்கட்டுமா, மவுத்வாஷை மாற்றட்டுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ரத்தம் வரும் இடத்தில் பிரஷ்ஷை வைக்கிறீர்களா, இல்லை, புண்ணாகிவிடும் என்று அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறீர்களா? பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டாவது. அங்கே ஊத்தை தங்கியதால்தான் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. அந்த இடத்தைத் தொடாமல் விட்டால் ஊத்தை இன்னும் சேரும்.

மின்சார பிரஷ் வீண் என்று சொல்லமாட்டேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, சாதாரண பிரஷ்ஷைவிட அது மூன்று மாதங்களுக்குப் பிறகு பல்லில் படியும் ஊத்தையை 21 சதவீதமும் ஈறு வீக்கத்தை 11 சதவீதமும் கூடுதலாகக் குறைத்தது. நல்ல லாபம்தான். ஆனால் பிரஷ் போகாத மூலைக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு பழைய பிரஷ் போலவே பரபரவென்று தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு பல்லாக மெதுவாக நகர்த்தினால் போதும். ஆடுவதையும் சுழல்வதையும் பிரஷ்ஷே பார்த்துக்கொள்ளும்.

ஏதாவது வாங்கித்தான் தீரவேண்டும் என்றால், ஊத்தையை நிறம் காட்டும் மாத்திரையை வாங்குங்கள். வழக்கம்போலத் துலக்கிவிட்டு ஒன்றை மென்று, துப்பிவிட்டுக் கண்ணாடியைப் பாருங்கள். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில், நாக்கை ஒட்டி, ஈறோரமாக இளஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடினால் வியப்படையாதீர்கள். மேல் கடைவாய்ப்பல்லின் கன்னப்புறமும் அப்படித்தான் இருக்கும். வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகிவிடுகிறது, பிரஷ் உள்ளே நுழைவதில்லை. பாதி மூடிக்கொண்டு முயன்று பாருங்கள், தாராளமாக நுழையும். எனக்கே இது தெரியவர வெகுநாள் பிடித்தது.

பல்லிடுக்கில் பிரஷ்ஷின் இழை எட்டாது. அதற்கு நூலோ, இடுக்கில் நுழையும் குட்டி பிரஷ்ஷோ வேண்டும். இடைவெளி அகலமாக இருந்தால் குட்டி பிரஷ்தான் எளிது. எந்த அளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இப்படித் துலக்கி இரண்டு வாரத்தில் ரத்தம் குறையவில்லை என்றால், ஊத்தை இறுகிக் காரையாகியிருக்கலாம். அது எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது, மருத்துவரின் கருவிதான் எடுக்கவேண்டும். "காரையை எடுத்தால் பல் ஆடும்" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. காரை அரித்த ஈறும் எலும்பும் ஏற்கெனவே இறங்கியிருக்கும், அதை மூடிக்கொண்டிருந்த காரை போனதும் நமக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அடுத்த முறை மருத்துவரிடம் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, "எந்த இடத்தில் சரியில்லை, காட்டுங்கள்" என்று கேளுங்கள். கட்டணம் கொடுக்கிறவருக்கு ஒற்றை வரி பதில் போதாது.

மவுத்வாஷ் விஷயம்: துலக்கிய உடனே கொப்பளித்தால், பற்பசை பல்லில் விட்டுச்சென்ற ஃபுளோரைடைக் கழுவிவிடுகிறீர்கள். வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். சீசாவில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியின் பெயர் இருந்தால், மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் வேண்டாம். பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் சுவையும் மாறும். மற்றவற்றில் பல வாய்மணத்துக்கு மட்டுமே.

கேள்வி: பற்பசைக் குழாயின் அடியில் பச்சைப் பட்டை இருந்தால் இயற்கைப் பொருள், கறுப்பு என்றால் முழுக்க ரசாயனம் என்கிறார்களே?

பதில்: கட்டுக்கதை. குழாயை எங்கே வெட்டி மூடுவது என்று இயந்திரத்தின் மின்கண்ணுக்குக் காட்டும் அடையாளம் அது. பார்க்கவேண்டியது ஃபுளோரைடு அளவை: பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு). காலாவதி தேதியையும் பாருங்கள், பழைய பசையில் ஃபுளோரைடின் வீரியம் குறைந்திருக்கும்.

கேள்வி: வெண்மை தரும் பற்பசை, கரி கலந்த பற்பசை இரண்டையும் மாற்றி மாற்றித் தேய்க்கிறேன். பல் முன்பைவிட மஞ்சளாகத் தெரிகிறதே, போலிச் சரக்கா?

பதில்: சரக்கு அசலாகவே இருக்கலாம். இவை பெரும்பாலும் மேலே படிந்த கறையைத் தேய்த்து எடுப்பவை, பல்லின் சொந்த நிறத்தை மாற்றுபவை அல்ல. தேய்க்கத் தேய்க்க எனாமல் மெலியும். அதன் அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள், அது வெளியே தெரியத் தொடங்கும். போன எனாமல் திரும்ப வளராது. பற்பசையின் உராய்வுத்திறனை ஆர்டிஏ என்ற எண்ணால் அளக்கிறார்கள். சர்வதேசத் தர அமைப்பின் உச்சவரம்பு 250. பல நிறுவனங்கள் அந்த எண்ணைக் குழாயில் அச்சிடுவதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் எரிச்சல். இரண்டையும் நிறுத்திவிட்டுச் சாதாரண ஃபுளோரைடு பசைக்கு வாருங்கள். பல் கூசுகிறது என்றால் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பசை உதவும், ஆனால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். மூன்றாம் நாளே "பயனில்லை" என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: பிரஷ் கடினமாக இருந்தால்தானே அழுக்கு போகும்? எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும்? மூடி போட்டு வைக்கலாமா?

பதில்: மென்மையானதே போதும். கடினமானது ஈறைக் கீழே தள்ளி, பல்லின் கழுத்தைக் குடைந்துவிடும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இழை அதற்கு முன்பே விரிந்துவிட்டால் அப்போதே. ஒரே மாதத்தில் விரிகிறது என்றால் அழுத்தித் தேய்க்கிறீர்கள். மூடி பயணத்துக்கு மட்டும், வீட்டில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள்.