வாட்டர் கூலிங் இருந்தும் அறை ஏன் வேகிறது? கரண்ட் குறைவாக இழுக்கும் கிராபிக்ஸ் கார்டு எது?

கேள்வி: நான் பல்லடத்தில் இருக்கிறேன். 2021-ல் கட்டிய கேமிங் பிசி. ரைசன் 7 5800எக்ஸ், ஆர்டிஎக்ஸ் 3080. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாட்டர் லூப் (தண்ணீர் சுற்றி வந்து சூட்டை எடுக்கும் குழாய் அமைப்பு), 360 மி.மீ. ரேடியேட்டர் ஒன்று. பவர் சப்ளை 750 வாட், மானிட்டர் 1440பி. சித்திரை வந்துவிட்டால் அறைக்குள் உட்கார முடிவதில்லை. பெரிய கேம் ஓடும்போது யூபிஎஸ் கத்துகிறது. தண்ணியில குளிர்விக்கிற கம்ப்யூட்டருன்னா ரூம் சூடாகக் கூடாதுங்களே? வேகம் குறையாமல், கரண்ட் குறைவாக இழுக்கும் கார்டாகச் சொல்லுங்கள்.

பதில்: சூடாகத்தான் செய்யும். வாட்டர் கூலிங் சிப்பில் இருக்கும் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. ரேடியேட்டர் அதை உங்கள் அறைக்குள் கொட்டுகிறது. 3080-ன் கணக்கு 320 வாட். கேம் ஓடும்போது பிராசசரையும் சேர்த்தால் 400-ஐத் தாண்டும். நாலு 100 வாட் குண்டு பல்பை மூடிய அறையில் எரியவிட்டது போலத்தான். எத்தனை ஃபேன் மாட்டினாலும் இந்த அளவு குறையாது.

லூப்புக்குள் ஓடும் தண்ணீர் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்கவும் முடியாது. வெயில் நாளில் அறை 36 டிகிரி என்றால், ஒற்றை 360 ரேடியேட்டரில் 400 வாட் ஏற்றும்போது தண்ணீர் 46, 48 டிகிரிக்குப் போவது சாதாரணம். 60 டிகிரியை நெருங்கினால் பெட்ஜி என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் குழாய் இளக ஆரம்பிக்கும். இத்தகைய லூப்களில் அதிகம் மாட்டப்படும் டி5 பம்புக்கும் அதுதான் எல்லை. யூபிஎஸ் கத்துவதற்கு வேறு காரணம். 3080 ஒரு நொடியில் மிகச் சிறிய பங்கு நேரத்துக்கு 400 வாட்டுக்கு மேல் குதித்து இறங்கும். சிறிய யூபிஎஸ் அதைத் தாங்காது.

புது கார்டு வாங்கக் கோவை காந்திபுரத்துக்குப் பஸ் ஏறும் முன் ஒரு வேலை செய்யுங்கள். காசு செலவில்லை. கார்டின் வேகத்தையும் கரண்டையும் மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைத் திறந்து பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். 320 வாட் 256 ஆகும். வேகத்தில் போவது பெரும்பாலான கேம்களில் 5 சதவீதம் அளவுதான். இன்னும் நுணுக்கமாகச் செய்ய வேண்டுமானால் அதிலேயே உள்ள கர்வ் எடிட்டரில் (எந்த வோல்ட்டுக்கு எந்த வேகம் என்று காட்டும் வரைபடம்) 0.85 வோல்ட்டில் 1,800 மெகாஹெர்ட்ஸுக்குப் பூட்டிப் பாருங்கள்; கேம் நின்றுபோனால் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டை ஏற்றுங்கள். வோல்ட் குறைந்தால் வாட் அதன் வர்க்கத்தில் குறையும் என்பதால்தான் இவ்வளவு பலன். கூடவே ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதை, மானிட்டரின் வேகத்துக்குக் கட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஃபிரேமுக்கு எதற்குக் கரண்ட்? பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

அதற்குப் பிறகும் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், என் தேர்வு ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 9070. 220 வாட், 16 ஜிபி மெமரி; 3080-ஐ விட நன்றாகவே வேகம். 9070 எக்ஸ்டி இன்னும் வேகம்தான், ஆனால் 304 வாட்; என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ 300 வாட். இந்த இரண்டில் எதை வாங்கினாலும் அறைச் சூடு ஏறக்குறைய பழையபடியே நிற்கும். ஆர்டிஎக்ஸ் 5070 250 வாட், மெமரி 12 ஜிபி. பனியன் கம்பெனி டிசைன் வேலையும் இதே பிசியில் நடந்து, க்ளோ 3டி போன்ற ஆடை வடிவமைப்பு மென்பொருள் ஓட்டுகிறீர்கள் என்றால் மட்டும் 5070-க்குப் போங்கள். க்ளோ 3டி, துணி விழும் விதத்தைக் கார்டை வைத்துக் கணக்கிட (ஜிபியு சிமுலேஷன்) என்விடியா கார்டு வேண்டும். 4070 சூப்பர், 220 வாட், பழைய ஸ்டாக்காக நியாயமான விலைக்குக் கிடைத்தால் அதுவும் மோசமில்லை. உங்கள் 750 வாட் பவர் சப்ளை இவை எல்லாவற்றுக்கும் தாராளம்.

கரண்ட் பில்லில் கார்டின் விலை திரும்பி வரும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். 100 வாட் மிச்சம், தினம் நாலு மணி நேரம், இரண்டு மாதப் பில்லுக்கு 24 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தாலும் 200 ரூபாயைத் தொடாது. மிச்சப்படுவது அறையின் சூடும் யூபிஎஸ்ஸின் உயிரும்.

இப்போது வாட்டர் பிளாக், அதாவது கார்டின் சிப் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் உலோகக் கட்டை. 3080-ன் பிளாக் புதிய கார்டில் உட்காராது. பிளாக் என்பது கார்டின் பெயருக்கு அல்ல, போர்டின் அமைப்புக்குச் செய்யப்படுவது. ஒரே 9070-ஐ ஒவ்வொரு கம்பெனியும் வெவ்வேறு போர்டில் விற்கிறது. பிளாக்கைத் தேடி உறுதி செய்துகொண்டு, பிறகு கார்டு வாங்குபவர்கள்தான் தப்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால், 220 வாட் கார்டுக்குத் தண்ணீரே தேவையில்லை. அதோடு வரும் ஃபேன் கூலரே சத்தமில்லாமல் சமாளிக்கும். லூப்பைப் பிராசசருக்கு மட்டும் விட்டுவிடுங்கள். பிளாக்குக்கு ஆகும் பணத்தில் ஜன்னலுக்கு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று மாட்டினால், சூடான காற்று வெளியே போகும்.

லூப்பைத் திறக்கும்போது பழைய தண்ணீரை வடித்து, டிஸ்டில்டு வாட்டரும் பாசி பிடிக்காமலிருக்க மருந்தும் ஊற்றுங்கள், அல்லது ரெடிமேட் கூலன்ட். சிறுவாணித் தண்ணியே ஆனாலும் வேண்டாம். போர் தண்ணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பிளாக்கின் மெல்லிய பள்ளங்களில் உப்புப் படிந்து அடைத்துவிடும். செம்பு ரேடியேட்டர் உள்ள லூப்பில் அலுமினிய ஃபிட்டிங்கும் சேர்க்காதீர்கள், அரித்துவிடும்.

பழைய 3080-ஐ விற்பதானால் அதன் சொந்த ஏர் கூலரை மாட்டியே விற்கவும். பிளாக்கோடு வாங்க ஆள் கிடைப்பது அரிது. மெமரி சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேடுகள் (மெத்தென்ற பட்டைகள்) முன்பு இருந்த அதே தடிமனில் இருக்க வேண்டும். தடிமன் கூடினால் கூலர் சிப்பில் படியாது. குறைந்தால் மெமரி வெந்துபோகும்.