உள் ஒப்பந்தக்காரரின் பயணச் செலவுக்கும் வரி பிடிக்கலாமா?

மன்னார்குடிப் பக்கம் வாய்க்கால் தூர்வாரும் வேலையை உள் ஒப்பந்தமாக எடுத்திருப்பதாகவும், பெரிய ஒப்பந்தக்காரர் உங்கள் பயணச் செலவையும் சேர்த்து வருமான வரி பிடிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல பொக்லைன் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவராகத்தான் இருப்பீர்கள்.

பிடிக்கலாம். லாரி வாடகை, தங்கும் செலவு எல்லாவற்றையும் ஒரே பில்லில் போட்டால் முழுத் தொகைக்கும் பிடித்தம் உண்டு என்று நேரடி வரிகள் வாரியம் 1995ஆம் ஆண்டிலேயே 715ஆம் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கு 2. ஒரு பில் 30,000 ரூபாயையோ, ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தையோ தாண்டினால்தான் பிடித்தம். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும்.

என் வயிற்றெரிச்சல் வேறு. பிடித்த பணம் அரசுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். கொள்ளிடக் கரையில் நான் செய்த ஒரு வேலைக்கு, தனிநபரான என்னிடம் 2 சதவீதம் கழித்தார்கள். காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடு முடிந்தும் என் பெயரில் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போனேன். "எங்களுக்கே பில் பணம் வரவில்லை, வந்ததும் கட்டிவிடுகிறோம்" என்றார் கணக்குப்பிள்ளை. அவர் கையாலேயே நீல மையில் "வரி" என்று எழுதித் தொகையைக் கழித்த துண்டுச்சீட்டை மேஜைமேல் வைத்தேன். என் கூலியில் கழித்த பணத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். அவர்கள் பில்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? வருமான வரி அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுப்பேன் என்று சொன்ன பிறகுதான், மாதம் ஒன்றரை சதவீத வட்டியோடு கட்டினார்கள். வரி பிடித்ததைக் காட்டும் 16ஏ சான்றிதழும் வந்தது.

"ஆடிட்டர் எதற்கு இருக்கிறார்?" என்று சிலர் கேட்பார்கள். எனக்கும் இருக்கிறார், நல்ல மனிதர். ஆனால் களத்தில் கொடுக்கும் துண்டுச்சீட்டை அவரா பத்திரப்படுத்துவார்? பிடித்துவிட்ட வரியை உங்களிடமே மறுபடி கேட்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு சொல்லியது. ஆனால், பிடித்தார்கள் என்று காட்டக் கையில் சீட்டு வேண்டும். எல்லா ஒப்பந்தக்காரரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. வேலை முடிந்த அன்றே கணக்குத் தீர்த்தவர்களிடமும் வேலை செய்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்க வேண்டும் என்பது டெல்டாவில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் எனக்கு வேலை வருவது சித்திரை பிறந்த பிறகுதான். அவசரத்தில் ஆகாயத்தாமரையை மட்டும் வழித்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். அடியில் கிடக்கும் வண்டல் அப்படியே இருந்தால் கடைமடையில் இருக்கும் தலைஞாயிறு வரை தண்ணீர் எப்படிப் போகும்? ஜனவரி 28இல் அணையை மூடிவிடுவதுதானே வழக்கம்? மாசியிலேயே உத்தரவு கொடுக்கட்டும், தரை தெரியத் தூர்வாரித் தருகிறோம்.