மாம்பழ ஃப்ளேவர் வேப் வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, எனக்கு 29 வயசு, ஊரு தங்கச்சிமடம், விசைப்படகுல போறேன். கரையில இருந்தா நாளைக்கு 8 சிகரெட்டு, கடலுக்குப் போனா ராத்திரி கண்ணு முழிக்கணும்ல, அப்ப 15 கூட ஆயிரும். பொண்ணு பொறந்து 4 மாசம், தூக்கப் போனாலே வீட்ல "மொதல்ல வாயக் கொப்புளிச்சிட்டு வாங்க"ங்குறாங்க. துபாய்ல இருக்குற மச்சான் லீவுல வர்றப்ப வேப் கிட் வாங்கிட்டு வர்றேங்குறான். மொத தடவைக்கு எது நல்லது, மாம்பழ ஃப்ளேவரா புகையிலை ஃப்ளேவரா, நிக்கோட்டின் எவ்வளவு இருக்கணும்?

பதில்: தம்பி, இன்னைக்கே மச்சானுக்கு போன் போட்டு வேணாம்னு சொல்லிருங்க. 2019 சட்டப்படி நம்ம நாட்டுல வேப்ங்குற இந்த இ-சிகரெட்ட விக்கிறது, வெளிநாட்டுல இருந்து கொண்டு வர்றது எல்லாமே குத்தம், மொத தடவைக்கே 1 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 1 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். லீவுக்கு ஆசையா வர்ற மனுஷன் ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்டு நிக்கணுமா?

பிரிட்டன்ல டாக்டருங்களே சிகரெட்ட நிறுத்துறதுக்கு வேப் புடிக்கச் சொல்றாங்க, உண்மைதான். ஆனா அங்க ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல நிக்கோட்டின் இருக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்கு. இங்க திருட்டுத்தனமா வர்றதுல உள்ள என்ன இருக்குன்னு யாரு பாத்தா? அதோட வேப்ல ஊத்துற அந்த மாம்பழ வாசனை தண்ணி கைக்குழந்தை வாய்ல கொஞ்சம் போனாலும் ஆபத்து, உங்க பொண்ணு இன்னும் ரெண்டு மூணு மாசத்துல தவழ ஆரம்பிச்சிருவா.

உங்களுக்கு வேண்டியது மெடிக்கல்லயே இருக்கு, நிக்கோட்டின் சூயிங் கம். உயிர எடுக்குறது பெரும்பாலும் புகைதான், நிக்கோட்டின் நம்மள விடாமப் புடிச்சு வச்சிருக்கு, கம்முல புகை கிடையாது. புதினா, பட்டைன்னு ஃப்ளேவரும் உண்டு, எனக்கு புதினாதான் சரிப்பட்டுச்சு. தூங்கி எந்திரிச்சு அரை மணி நேரத்துக்குள்ள மொத சிகரெட்ட பத்த வைக்கிற ஆளுன்னா 4 மில்லிகிராம் வேணும், அத டாக்டரக் கேட்டு வாங்குங்க, லேட்டாத்தான்னா 2 போதும்.

மெல்லுற விதத்துலதான் நெறைய பேரு கோட்டை விடுறாங்க. நான் 11 வருஷம் பிடிச்சவன், மொத கம்ம பபிள்கம் மாதிரி மடமடன்னு மென்னுட்டேன், விக்கல் புடிச்சு நெஞ்செல்லாம் எரிஞ்சு, துப்பிட்டு நேரா பெட்டிக்கடைக்குப் போயிட்டேன். அப்படி மெல்லக் கூடாது தம்பி, மெதுவா நாலஞ்சு கடி, மிளகு கடிச்ச மாதிரி சுருசுருன்னு வந்ததும் நிறுத்தி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வச்சுக்கணும், சுருசுருப்பு போனதும் திரும்பக் கடி, இப்படியே அரை மணி நேரம். படகுல கடுங்காப்பி ஓடிக்கிட்டே இருக்கும்ல, காப்பி குடிச்சு கால் மணி நேரம் கழிச்சுத்தான் கம்ம வாய்ல போடணும், இல்லன்னா மருந்து சரியா உடம்புல சேராது. மொத 6 வாரம் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, அப்புறம் கொறைச்சுக்கிட்டே வந்து 12 வாரத்துல நிறுத்திரலாம்.

மொத மூணு நாள் கஷ்டமாத்தான் இருக்கும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும், வீட்ல முன்கூட்டியே சொல்லி வைங்க. புடிக்கணும்ங்குற அந்த வெறி அஞ்சு நிமிஷத்துல தானா அடங்கிரும், அதுவரைக்கும் வாய்ல ஒரு துண்டு பனங்கற்கண்டு போட்டுக்கிட்டு எந்திரிச்சு கயிறு சுத்துறது, ஐஸ் பாக்குறதுன்னு கைக்கு வேலை குடுங்க. மீன்பிடி தடைக்காலம் 61 நாள் வருமே அப்ப விட்டுக்கலாம்னு மட்டும் தள்ளிப் போடாதீங்க, வேலை இல்லாம டீக்கடையில கூட்டாளிகளோட உக்காந்திருக்குற நேரத்துலதான் கை தன்னால நீளும்.

கம்மு ஒத்துக்கலன்னா ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரில டாக்டரப் பாருங்க, மாத்திரையும் இருக்கு. சிகரெட்டுப் பெட்டிலயே பழக்கத்த நிறுத்த உதவி பண்ற 1800-11-2356னு நம்பர் போட்டிருப்பாங்க, காசு இல்லாம பேசலாம், நடுக்கடல்ல சிக்னல் கிடைக்காது, அதனால அடுத்து கடலுக்குப் போக டோக்கன் வாங்குறதுக்கு முன்னாடி கரையில இருந்தே பேசிட்டுப் போங்க, கம்மு அட்டைய பொண்ணு கைக்கு எட்டாம மேல வைங்க.