ஸ்விட்சில் டிசிபியை மட்டும் அனுமதித்து ஏசிஎல் போட்டேன், நெட்வொர்க்கே நின்றுவிட்டது. எங்கே தவறு?

ஏசிஎல் என்பது எந்தப் பாக்கெட்டை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று சொல்லும் விதிப் பட்டியல். அதில் நீங்கள் எழுதியது ஒரே ஒரு வரி: டிசிபிக்கு பெர்மிட், அதாவது அனுமதி. எதையும் தடுக்கச் சொல்லவில்லையே என்று கேட்கிறீர்கள். சொல்லவே வேண்டாம். சிஸ்கோ ஸ்விட்சில் ஒரு வரி எழுதினாலும் போதும், அதற்குக் கீழே ‘டினை ஐபி எனி எனி’ (எங்கிருந்து எங்கே போனாலும் தடு) என்று ஒரு வரி கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். டிசிபி அல்லாத எல்லா ஐபி பாக்கெட்டும் அங்கே போய் விழுகிறது. பிரவுசர் ஒரு தளத்தின் பெயரைத் தேடும்போது அதன் ஐபி முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வி பெரும்பாலும் யுடிபி என்ற இன்னொரு புரோட்டோகாலில், போர்ட் 53க்குத்தான் போகும். அது நின்றால், வெப்புக்கான டிசிபி போர்ட் 443 திறந்திருந்தும் பயனில்லை.

ஐபி தலைப்பில் புரோட்டோகாலுக்கென்றே 8 பிட் இடம் ஒன்று இருக்கிறது. ஐசிஎம்பி (பிங், பிழைச் செய்திகள்) என்றால் 1, டிசிபி 6, யுடிபி 17, ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் பாதைகளைப் பகிர்ந்துகொள்வது) 89. ஏசிஎல் வரியில் பெர்மிட்டுக்கு அடுத்து நீங்கள் எழுதும் சொல் இந்த எண்ணோடுதான் பொருத்திப் பார்க்கப்படுகிறது. போர்ட் எண் என்பது டிசிபி, யுடிபி போன்ற சிலவற்றுக்குத்தான் உண்டு. ஐசிஎம்பிக்கும் ஓஎஸ்பிஎஃப்புக்கும் கிடையாது. அந்த இடத்தில் ‘ஐபி’ என்று போட்டால் எல்லாப் புரோட்டோகாலும் அதில் அடங்கிவிடும். ஸ்விட்ச் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். அதனால் ‘பெர்மிட் ஐபி எனி எனி’ மேலே இருந்தால், அதற்குக் கீழே என்ன எழுதினாலும் வீண்.

நான் அடிபட்டுக் கற்றது டிஎச்சிபியில், அதாவது கம்ப்யூட்டர்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் புரோட்டோகாலில். ஒரு வீலேனுக்கு (ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) டிஎன்எஸ், வெப், டிஎச்சிபி மூன்றையும் அனுமதித்து, சோர்ஸ் இடத்தில் கவனமாக 192.168.20.0, வைல்ட்கார்டு 0.0.0.255 என்று எழுதினேன், அதாவது 192.168.20 என்று தொடங்கும் முகவரிகள் மட்டும். மாலையில் எல்லாம் ஓடியது. மறுநாள் காலை கம்ப்யூட்டர்களைப் போட்டால் ஒவ்வொன்றிலும் 169.254 என்று தொடங்கும் முகவரி, டிஎச்சிபி பதில் கிடைக்காதபோது கம்ப்யூட்டர் தானே வைத்துக்கொள்வது. ஐபி இல்லாத ஒரு கம்ப்யூட்டர் முகவரி கேட்கும்போது அதன் சோர்ஸ் 0.0.0.0, போகுமிடம் 255.255.255.255. என் வரியில் அது எப்படிப் பொருந்தும்? முந்தைய நாள் எல்லாரிடமும் பழைய லீஸ் (முன்பே வாங்கிய முகவரி) இருந்ததால்தான் தெரியவில்லை. அன்றிலிருந்து டிஎச்சிபி வரியை மட்டும் ‘பெர்மிட் யுடிபி எனி ஈக்யூ 68 எனி ஈக்யூ 67’ (68 கேட்பவரின் போர்ட், 67 சர்வரின் போர்ட்) என்று எழுதி முதலில் வைத்துவிடுவேன்.

அப்புறம் ஐசிஎம்பி. பாதுகாப்பு என்று சொல்லி இதை மொத்தமாக அடைத்துவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். பிங் வேண்டாம் என்றால் எக்கோ என்ற பிங் செய்தியை மட்டும் தடுங்கள். ‘பாக்கெட் பெரிதாக இருக்கிறது, உடைக்க வேண்டும்’ என்று வழியில் உள்ள ரூட்டர் சொல்லும் செய்தியும் ஐசிஎம்பிதான், டைப் 3, கோட் 4. அது வராவிட்டால் எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) லாகின் ஆகும், சிறிய கட்டளைகள் ஓடும், நீளமான அவுட்புட் வரும்போது திரை அப்படியே உறைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகலாம்.

திசையையும் சரிபாருங்கள். வீலேன் இன்டர்ஃபேஸில் ‘இன்’ என்றால் அந்த வீலேனிலுள்ள கம்ப்யூட்டர்களிடமிருந்து ஸ்விட்சுக்குள் வருவது. ‘அவுட்’ பக்கமும் ஏசிஎல் போட்டால் பதில் பாக்கெட்டுக்கும் வழி வைக்க வேண்டும். டிசிபிக்கு ‘எஸ்டாப்ளிஷ்ட்’ என்ற சொல் உதவும். ஏசிகே (பெற்றேன்) அல்லது ஆர்எஸ்டி (இணைப்பை முறி) பிட் உள்ள பாக்கெட்டை விடும். யுடிபிக்கு அப்படி எதுவும் இல்லை, சோர்ஸ் போர்ட்டை வைத்துத்தான் எழுத வேண்டும். ஐபிக்கு உரிய மேக் முகவரியைத் தேடும் ஏஆர்பி, ஐபியே அல்ல என்பதால் இந்த ஏசிஎல் அதைத் தொடாது.

‘ஷோ அக்சஸ்-லிஸ்ட்ஸ்’ கட்டளையில் ஒவ்வொரு வரிக்கும் பொருந்திய பாக்கெட் எண்ணிக்கை ஏறவில்லை என்று குழம்ப வேண்டாம். பல ஸ்விட்சுகளில் ஹார்டுவேரிலேயே முடிவாகும் பாக்கெட்டுகள் அந்தக் கணக்கில் வராது. ஒரு கம்ப்யூட்டரில் முகவரியை விடுவித்துத் திரும்பக் கேட்டு, டிஎன்எஸ், வெப் என்று ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள்.

தொலைவிலிருந்து எஸ்எஸ்எச்சில் செய்கிறீர்கள் என்றால், ஏசிஎல்லை இன்டர்ஃபேஸில் போடும் முன் இருக்கும் கான்ஃபிகை சேவ் செய்துவிட்டு ‘ரீலோட் இன் 10’ கொடுங்கள். வெளியே மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆகி பழையபடி வரும். எல்லாம் சரி என்றால் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்துவிட்டு, அதன் பிறகு புதியதை சேவ் செய்யுங்கள்.