பேரனின் மூளைப் படங்கள்: எதை நம்புவது?

கேள்வி: என் மகளுக்குப் பிறந்த ஆண் குழந்தை பிறந்தவுடன் அழவில்லை. பிராணவாயு குறைந்ததால் மூளையில் லேசான பாதிப்பு என்றனர். ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் செய்ததுபோல் உடலைக் குளிரூட்டவில்லை. மறுநாள் எடுத்த ஸ்கேனில் குறையில்லை என்றவர்கள், ஐந்தாம் நாள் எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் வெண்பகுதியில் (நரம்பிழைகள் நிறைந்த பகுதி) சிறு புள்ளிகள் இருப்பதாகச் சொல்கின்றனர். எதை நம்புவது? கதிர்வீச்சைக் குழந்தை தாங்குமா? பேரன் நடப்பானா?
- ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, இரண்டு படங்களையும் நம்பலாம். முதலில் எடுத்தது உச்சிக்குழி வழியாகப் பார்க்கும் அல்ட்ராசவுண்டாக இருக்கும். இரத்தக் கசிவை அது காட்டும், நுண்ணிய சேதம் பெரும்பாலும் அதற்குத் தப்பிவிடும். மேலும், மூச்சு திணறிய அந்த நிமிடங்களோடு சேதம் நின்றுவிடுவதில்லை. இரத்த ஓட்டம் சீரான சில மணி நேரத்துக்குப் பிறகு உயிரணுக்களின் ஆற்றல் மீண்டும் சரிவதால், சேதத்தின் முழு அளவு படத்தில் தெரியச் சில நாள்கள் ஆகும். அதனால்தான் நான்காம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் எம்.ஆர்.ஐ. எடுப்பதை மருத்துவர்கள் விரும்புகின்றனர். அதில் கதிர்வீச்சு அறவே இல்லை. அந்த அச்சம் சி.டி. ஸ்கேனுக்கே பொருந்தும்.

பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, உடல் வெப்பத்தை ஏறத்தாழ 33.5 பாகை செல்சியசில் 72 மணி நேரம் வைத்திருக்கும் குளிரூட்டல், நடுத்தர, கடும் பாதிப்புக்கே பலன் தருவதாக உறுதிப்பட்டுள்ளது. லேசான பாதிப்பில் அது உதவுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆகவே செய்யாமல் விட்டதை அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன்.

நடப்பானா என்பதற்குப் புள்ளிகளின் எண்ணிக்கையைவிட அவை இருக்கும் இடமே முக்கியம். மூளையின் ஆழத்திலுள்ள தாலமஸ், பேசல் கேங்லியா ஆகிய பகுதிகளில் ஏற்படும் சேதமே கைகால் இயக்கத்தைப் பெரிதும் முடக்குவது. அவ்விடங்கள் நன்றாக இருக்கின்றனவா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அவை நலமாக இருந்து, வெண்பகுதியில் மட்டும் ஓரிரு புள்ளிகள் என்றால், நடப்பான் என்றே எதிர்பார்க்கலாம். ஆயினும் பேச்சிலும் கவனத்திலும் கற்றலிலும் சிறு தடுமாற்றங்கள் பின்னாளில் தலைகாட்டக்கூடும். இதை எந்தப் படமும் முன்கூட்டியே உறுதியாகச் சொல்லிவிடாது.

எனவே தடுப்பூசிக்குச் செல்லும் நாள்களில் வளர்ச்சியையும் சோதிக்கச் சொல்லுங்கள். நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்காவிட்டாலோ, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினாலோ, “ஆண்பிள்ளைக்கு எல்லாம் தாமதமாகத்தான் வரும்” என்று உறவினர் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்காமல், எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு குழந்தை மருத்துவரைப் பாருங்கள். காது கேட்கும் திறனைச் சோதித்தாகிவிட்டதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.